உடைய வேண்டிய கல்

சொந்தக்காரர்கள் முன்னிலையில் எந்தப் பரிசோதனையும் செய்யக் கூடாது. இதை எந்தப் பொறியியல் கல்லூரியும் பாடமாக வைத்ததில்லை. வைத்திருந்தால், எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக் காலையில், திண்டிவனத்தில், ஓர் அரசாங்கப் பொறியாளரோடு சேர்ந்து பாசி பிடித்த தண்ணீரில் நான் இடுப்பளவு நின்றிருக்க மாட்டேன்.

அப்போது நான் சென்னையில் சிவில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். விழுப்புரத்தில் எங்கள் தெருவிலும், அப்பா வேலை பார்த்த ரயில்வே சரக்கு ஆபீஸ் வட்டாரத்திலும், இன்ஜினியருக்குப் படித்த முதல் பெண்ணும் நான்தான். அந்தக் கர்வம் என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் எப்போதும் நின்றுகொண்டிருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பேன். இலை போட்டுச் சோறு வைக்கும் நேரத்தில், "இந்த பீம் தொய்ஞ்சிருக்குங்க" என்று சொல்வேன். (பல வீடுகளில் எனக்கு இரண்டாவது சாப்பாடு கிடைத்ததில்லை.)

என் ஆராய்ச்சிக்கு ஒரு காரணம் இருந்தது. அதை மட்டும் நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. நான் பி.இ. படிக்கும்போது அம்மா ஒருநாள் காய்கறி வாங்கப் போனார். விழுப்புரம் கடைத்தெருவில் சாக்கடைமேல் போட்டிருந்த சிமெண்ட் மூடியில் கால் வைத்தார். முந்தின நாள் கரும்பு வண்டி ஒன்று அதன்மேல் தடாலென்று இறங்கி ஏறியிருந்தது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்ததாம். அம்மா கால் வைத்ததும் இரண்டாகப் பிளந்து உள்ளே போய்விட்டது, கூடவே அம்மாவின் காலும். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் நடை பழையபடி திரும்பவில்லை. இடது பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நடப்பார். அதற்குப் பிறகு அம்மா எந்தச் சாக்கடை மூடியிலும் கால் வைத்ததில்லை. தெரு முழுக்கச் சுற்றிக்கொண்டு வருவார். சுற்ற வழியில்லாவிட்டால் போன வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

கான்கிரீட்டின் குணம் அப்படி. எவ்வளவு பாரத்தை வேண்டுமானாலும் மெதுவாக ஏற்றுங்கள், தாங்கும். திடீரென்று ஓர் அடி விழுந்தால் உடைந்துவிடும். அந்தக் கலவைக்குள் சின்னச் சின்ன இழைகளைக் கலந்துவிட்டால் அடியைத் தாங்குகிற சக்தி கூடும் என்று அப்போது பலரும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது இரண்டு வகை இழைகளைச் சேர்த்துக் கலப்பது. ஒன்று, கம்பி கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பியை விரல் நீளத்துக்கு நறுக்கிய துண்டுகள். இன்னொன்று, பழைய மீன்வலையின் நைலான் இழை. விரிசல் வாய் திறக்கும்போது கம்பித் துண்டுகள் இறுக்கிப் பிடிக்கும். நைலான் இழுபட்டுக் கொடுத்து அடியின் வேகத்தை விழுங்கும். கல்லூரி ஆய்வகத்தில் சின்ன வட்டுகளாக வார்த்து, அவற்றின் மேல் இரும்புக் குண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சும்மா வார்த்த கான்கிரீட் சீக்கிரமே துண்டு துண்டாகச் சிதறியது. இழை கலந்தது விரிசல் விட்டும் விழாமல் நின்றது. என் பேராசிரியர் அதிகம் பேசாதவர். அவரே "பரவாயில்லை" என்றார். அதோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

என் அக்கா செல்வியைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரர் தணிகாசலம் மாமா மரக்காணம் சாலையில் வீட்டை ஒட்டியே ஒரு சிமெண்ட் யார்டு வைத்திருந்தார். கிணற்று உறை, ஜன்னல் ஜாலி, சாக்கடை மூடி எல்லாம் செய்வார். பொருளை வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்குள் அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டுகிற மனிதர். மாமாவின் அண்ணனைப் பெரிய மாமா என்று கூப்பிடுவோம். இடம் அவர் பெயரில் இருந்தது. யார்டில் வியாபாரம் மந்தமாகிப் போனதால், அதை மூடிவிட்டு இடத்தை லாரி ஷெட்டுக்கு விடப் போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் திண்டிவனம் கடைத்தெரு சாக்கடைக்கு அரசாங்கம் புது மூடிகள் வாங்கப் போகிறது என்ற செய்தி வந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் யார்டு பிழைக்கும். கிடைக்காவிட்டால் அந்த வருடத்தோடு முடிந்தது. இதை அக்காதான் எனக்குச் சொன்னாள். மாமா வேறு எந்த வேலையும் கற்றுக்கொண்டவர் இல்லை.

நான் உடனே திட்டம் போட்டுவிட்டேன். சம்பந்தப்பட்ட பொறியாளரை யார்டுக்கே அழைப்பது. இரண்டு மூடிகள் செய்து வைப்பது. ஒன்று வழக்கமானது, வெறும் கான்கிரீட். இன்னொன்று என் இழை கலந்தது. இரண்டின் மேலும் எடைக்கல்லைப் போடுவது. முதலாவது உடைந்து சிதறும், இரண்டாவது நிற்கும், அதிகாரி அசந்து போவார். என் ஆராய்ச்சியால் அக்கா குடும்பம் தலை நிமிரும். அம்மாவைப் போல இன்னொருத்தர் காலை உடைத்துக்கொள்ள மாட்டார். எல்லாம் ஒரே காலையில். இருபத்து மூன்று வயதில் உலகம் அந்த அளவு வசதியாகத்தான் தெரியும்.

மரக்காணத்திலிருந்து மாமா சாக்கு நிறையக் கிழிந்த மீன்வலை வாங்கி வந்தார். அக்காவும் அக்காவின் மாமியாரும் நானும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து நாள் முழுக்க நறுக்கினோம். சோப்புப் போட்டு அலசினோம், வெந்நீரில் ஊறப் போட்டோம், வெயிலில் காய வைத்தோம். வாடை போகவில்லை. அந்த வீட்டில் அந்த வாரம் வைத்த சாம்பாரும் மீன்குழம்பு போலவே மணந்தது. மூடியை வார்த்து முடித்த பிறகு தெருநாய் ஒன்று வந்து அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. விரட்டினாலும் திரும்பி வந்தது. "உன் கல்லுக்குக் காவல் ஆளு வந்துடுச்சு பாரு வாணி" என்று மாமா சொன்னார்.

வெறும் கான்கிரீட் மூடியை நான் சொல்லச் சொல்ல மாமா வார்த்தார். எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு ஜல்லி, எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கம்பி போடக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னேன். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மூடிகள் தண்ணீரில் ஊறி இறுகும்வரை சில வாரம் ஆகும். அவற்றை மாமா பொறுப்பில் விட்டுவிட்டு நான் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அந்த நாள் வந்தது. காலை பாசஞ்சரில் விழுப்புரத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கினார்கள். யார்டு வாசலில் ஓடிய சிறு சாக்கடையின் மேல் மாமா தன் கைப்பட வார்த்துப் போட்ட மூடி இருந்தது. அம்மா அதைப் பார்த்து நின்றுவிட்டு, வேலி ஓரமாகச் சுற்றி, முள் கிழித்த புடவையோடு பின்பக்கமாக உள்ளே வந்தார். மாமாவின் முகம் சுருங்கியது. மாமியார் ஆயிற்றே, சிரித்துக்கொண்டே நாற்காலி எடுத்துப் போட்டார்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். யாரோ வறுத்த மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம்) கொண்டுவந்து எல்லோருக்கும் கை நிறையக் கொடுத்தார்கள். பெரிய மாமா நாற்காலியை நிழலில் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பொறியாளர் ஒல்லியான மனிதர், நடுவயது, கையில் குடை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத அதிகாரிகளைக் கண்டால் நான் இன்றைக்கும் தேவைக்கு மேல் பேசிவிடுவேன். என் பேராசிரியரால் வந்த வியாதி அது.

இப்போது மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார்டில் செய்யும் பொருள்களை ஊறப்போட ஒரு தொட்டி இருந்தது. குறுகலாக, நீளமாக, தரைக்குக் கீழே இடுப்பளவு, மேலே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர். மூடிகளைத் தரையில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைக்கலாம் என்று மாமா சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாக்கடைமேல் இருப்பது போலவே இருக்க வேண்டும், அப்போதுதான் பார்ப்பவர் மனதில் பதியும் என்றேன். தொட்டியின் குறுக்கே, இரண்டு பக்கச் சுவர்களில் படும்படி, இரண்டு மூடிகளையும் பக்கம் பக்கமாக வைத்தோம். (அந்தச் சுவர் எந்த விகிதத்தில் கட்டப்பட்டது, அது எத்தனை அடியைத் தாங்கும் என்று எவருமே கணக்குப் போடவில்லை. அங்கே கணக்குப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.) மேலே சவுக்குக் கட்டைகளால் முக்காலி, அதில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் நுனியில் மல்லாட்டை மண்டியிலிருந்து கேட்டு வாங்கி வந்த இருபது கிலோ எடைக்கல்.

நான் பேச ஆரம்பித்தேன். முந்தின நாள் எழுதி மனப்பாடம் செய்த பேச்சு. "மதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களே" என்று தொடங்கி, தாக்குதிறன், ஆற்றல் உறிஞ்சுதல், இழைக் கலவை என்று எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் மல்லாட்டையைத் தோலுரித்துக்கொண்டே கேட்டது. கடைசியில் வெறும் கான்கிரீட் மூடியைச் சுட்டி, "இது இரண்டாவது அடியிலேயே உடைந்து சிதறும். எல்லோரும் தயவுசெய்து பின்னால் நகர்ந்து நில்லுங்கள்" என்று அறிவித்தேன். எல்லோரும் நகர்ந்தார்கள். அம்மாவைக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் மரத்தடியில் நிறுத்தினேன்.

கயிற்றை இழுத்து எடைக்கல்லை உயர்த்தி விட்டார்கள். அது மூடியின் நடுவில் விழுந்தது. தரை அதிர்ந்தது. மூடி அப்படியே இருந்தது.

இரண்டாவது அடி. மூடி அப்படியே இருந்தது.

மூன்றாவதற்கு நான் எதுவும் அறிவிக்கவில்லை. மூடியின் மேல்தோலில் காசளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது, அவ்வளவுதான். இன்னும் உயரமாகத் தூக்கச் சொன்னேன். கயிறு இழுத்த ஆட்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் கூட்டத்தில் உற்சாகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கைதட்டினார்கள். மூடிக்குத்தான் தட்டினார்கள். பெரிய மாமா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து பார்த்தார். தணிகாசலம் மாமாவின் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத ஒரு பூரிப்பு இருந்தது. நான் மனதுக்குள் விகிதங்களைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் எனக்கு மட்டும் ஏன் துரோகம் செய்கிறது என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்தது என் மூடி. அங்கேயே படுத்திருந்த நாயை எழுப்பி அனுப்பினோம். முதல் சில அடிகளைத் தாங்கியது. பிறகு நடுவில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. அடுத்த அடியில் அந்தக் கோடு நாலாபக்கமும் பரவியது. கூட்டம் ச்சொச்சொ என்றது. மூடி நடுவில் கொஞ்சம் தொய்ந்து, விரிசல் வாயில் கம்பித் துண்டுகள் பளபளக்க, விழாமல் நின்றது. ஆய்வகத்தில் நான் பார்த்தது இதுதான். என் ஆராய்ச்சி சொன்னதும் இதுதான். எவ்வளவு அடித்தாலும் பிளந்து உள்ளே விழாது. ஆனால் பக்கத்தில் ஒரு விரிசலும் இல்லாமல் இன்னொன்று உட்கார்ந்திருக்கும்போது இதை எப்படிச் சொல்வது?

"விரிசல்தாங்க விட்டிருக்கு. உடையலை" என்றேன்.

பொறியாளர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டார். பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அக்கா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி ஷெட் என் கண்ணுக்கு முன்னால் எழும்பிக்கொண்டிருந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு வெறி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் கால் வைத்து என் மூடியின்மேல் ஏறினேன். விரிசலுக்கு நடுவில் நின்றேன். நின்றது. ஒரு குதி குதித்தேன். நின்றது. "சார், நீங்களே ஏறிப் பாருங்க. நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க" என்றேன். அவர் யோசித்தார். என்மேல் இரக்கப்பட்டாரோ, உண்மையிலேயே தெரிந்துகொள்ள நினைத்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. குடையை ஊன்றி ஒரு காலை வைத்தார், அழுத்திப் பார்த்தார், மறு காலையும் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிராக நின்றோம். மூடி தாங்கியது. "தாங்குதே" என்று அவர் ஆச்சரியத்தோடு சொன்னார்.

மூடி தாங்கியது. சுவர் தாங்கவில்லை. காலையிலிருந்து எடைக்கல் விழ விழ அசைந்துபோயிருந்த செங்கல் வரிசை, என் மூடி உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும், ஒரு பக்கமாகச் சரிந்தது. மூடி சாய்ந்தது. நானும் அரசாங்கமும் மெதுவாக, மரியாதையாக, சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனோம். விழுந்த பக்கச் சுவர் வழியாகத் தொட்டித் தண்ணீர் யார்டுக்குள் பாய்ந்தது. சிமெண்ட் மூட்டை, சிமெண்ட் மூட்டை என்று மாமா கத்திக்கொண்டு ஷெட்டைப் பார்த்து ஓடினார். மல்லாட்டைத் தோல்கள் எல்லாம் மிதந்து போயின.

எழுந்து நின்றேன். பச்சைத் தண்ணீர் இடுப்பளவு. பக்கத்தில் பொறியாளர், குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. அது மட்டும் நனையவில்லை. கால் வழுக்கியது. கண்ணில் சேறு. அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"கையைக் குடுடி."

அம்மா. எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றிருந்தவர், சுவர்மேல் ஏறி, தொட்டியின் குறுக்கே கிடந்த வெறும் கான்கிரீட் மூடியின் நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். அப்படி ஒரு பிடி அம்மாவுக்கு உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. என்னை மேலே இழுத்து, என் கை கால்களைத் தடவிப் பார்த்து, ஒன்றும் முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் தான் எதன்மேல் இருக்கிறோம் என்று பார்த்தார். உடனே எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையால் அந்தக் கல்லை ஒரு தடவை தடவினார். பிறகு அப்பா வந்து இரண்டு பேரையும் இறக்கிவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து, பொறியாளர் மாமாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, அக்கா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நனைந்து போன மூட்டைகளை ஆட்கள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நிற்கிற மூடியைக் காட்டி, இது கம்பி போடாத கல்தானா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"சார், அதுல கம்பி இருக்குதுங்க" என்றார்.

எனக்குக் காதில் தண்ணீர் போனதால் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"இது சொன்ன மாதிரிதாங்க மொதல்ல வார்த்தேன்" என்று மாமா என்னைக் காட்டிச் சொன்னார். "மனசு கேக்கலீங்க. இது ஊருக்குப் போன மறுநாளே அத்தத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, சிமெண்டும் சேர்த்து இன்னொண்ணு வார்த்துட்டேன். எங்க அண்ணன், ஊர்க்காரங்க, நீங்க, எல்லாரும் பார்த்துக்கினு இருக்கசொல்லோ என் யார்டுல செஞ்ச கல்லு ரெண்டாவது அடியில ஒடஞ்சி உழுந்தா, அப்புறம் இந்தத் திண்டிவனத்துல எவன் எங்கிட்ட உறை வாங்குவான்? நீங்களே சொல்லுங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா திரும்பி வேலியைப் பார்த்தார். நான் மாமாவிடம் மணல் எத்தனை பங்கு என்று சொன்னேன், தண்ணீர் எவ்வளவு என்று சொன்னேன், கம்பி கூடாது என்று சொன்னேன். அந்தக் கல் எதற்காக உடைய வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தன் கையால் செய்த பொருள் நாலு பேர் முன்னால் உடைவதற்கென்றே ஒரு மனிதரைச் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஈரப் புடவையில் உட்கார்ந்தபடி நான் அழ ஆரம்பித்தேன். அது மாமாவுக்குப் புரியவில்லை. "கல்லு ஒடையலயே வாணி, ஏன் அழுவுற?" என்று என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்.

பொறியாளர் எழுந்து போய், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொட்டிக்குள் சாய்ந்து, பாதி தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் மூடியைக் குனிந்து பார்த்தார். அவ்வளவு அடியும் வாங்கி, எங்கள் இரண்டு பேரையும் சுமந்து, தொட்டிக்குள் விழுந்த பிறகும் அது ஒரே துண்டாகத்தான் கிடந்தது. விரிசலுக்குள் விரலை விட்டு இழையை இழுத்துப் பார்த்தார். விரலை முகர்ந்தும் பார்த்தார். (வாடை அப்போதும் போகவில்லை.)

"உன் கல்லு நல்ல கல்லுதாம்மா" என்றார் என்னிடம். "ஆனா விரிசல் விட்ட மூடியில யாரும் கால் வைக்க மாட்டாங்க. உங்கம்மாவையே பாரு, ஓடி வந்தப்போ எதுல ஏறினாங்கன்னு."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்; முட்டியில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. தணிகாசலம் மாமா கம்பி போட்டு வார்த்த மூடிகளுக்கு. என் இழைக் கலவையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மாமாவின் யார்டைக் காப்பாற்றப் போன என் ஆராய்ச்சி, தான் தோற்றுப்போய் அதைக் காப்பாற்றியது. லாரி ஷெட் வரவில்லை. பெரிய மாமா மட்டும் கொஞ்ச நாள், ஒடையாத கல்லை வெச்சிக்கினு ஒடையும் ஒடையும்னு சொல்லிக்கினு இருந்த பொண்ணு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னை அறிமுகம் செய்துகொண்டிருந்தார். நான் ஆய்வகத்தில் கிடைத்த முடிவுகளை வைத்து ஆராய்ச்சியை முடித்தேன். கள ஆய்வு செய்ததுண்டா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டேன். என் பேராசிரியர் அன்றும் "பரவாயில்லை" என்றார்.

ஆனால் எங்கள் வீட்டில் கம்பி என்ற சொல்லுக்கு அதற்குப் பிறகு வேறு அர்த்தம் வந்துவிட்டது. நான் முதல் வேலைக்கு இன்டர்வியூ போன அன்று அப்பா வாசல்வரை வந்து, "கம்பி போட்டாச்சா?" என்று கேட்டார். அக்கா மகள் பத்தாவது பரீட்சைக்குப் போகும்போது அதே கேள்வி. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு மாமா அம்மாவிடம், "பையனத் தட்டிப் பார்த்தேன் அத்தை, உள்ள கம்பி இருக்குது" என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினார். என் கணவர் ரொம்ப நாள்வரை அதை ஏதோ சீர்வரிசைப் பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எண்பதை நெருங்குகிற உடம்பு. ஆபரேஷன் முடியும்வரை அக்காவும் நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தார்கள். முகம் வெளிறிப்போயிருந்தது. கண்ணைத் திறந்து, அக்காவைத் தாண்டி என்னைத் தேடினார். நான் குனிந்தேன்.

"வாணி, உள்ள கம்பி போட்டுட்டாங்க" என்றார். குரல் எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "டாக்டரு யாருகிட்டயாவது சொல்லிட்டாரா?"

இன்னும் இல்லை மாமா என்றேன்.

"சொல்ல வேணாம்னு சொல்லு" என்றார். "சும்மாவே உறுதின்னு நெனச்சிக்கினு இருக்கட்டும்."